ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். நான். என் மனைவி ரோசம்மா, சமையலறையில். மகள் ஷீலா, துணி மடித்துக்கொண்டு. அவள் புருஷன் குமார், ஜுருவில் கார் பட்டறையில் வேலை. நம் ஜெபக்கூடத்துச் சேகர் தம்பி, கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஐந்து பேர். ஆண்டவரும் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் பேச வராது. நான் கான்கிரீட் கலக்குகிறவன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரோசம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே வீட்டிலிருந்த சீனி, பால் டின், ஜாம் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். இனி இந்த வீட்டுக்குள் இனிப்பு வரக்கூடாது என்றேன். சீனி அவளுக்கு விஷம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

அதன் பிறகு அவள் மெலிந்தாள். சில காலைகளில் முகம் வெளுத்துப்போகும். கை நடுங்கும். கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, வெயிலு லா" என்பாள். மழை நாளிலும் அதையே சொன்னாள்.

குமார் எங்களோடு ஆயர் ஈத்தாம் பிளாட்டில் தங்க வந்து ஓராண்டு இருக்கும். நம் சபைப் பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டான். வந்த கொஞ்ச நாளில், "மாமா, இந்த வீடு யாரு பேருல இருக்கு?" என்று கேட்டான். "உங்க அத்தை பேருல" என்றேன். அன்றிலிருந்து அவன் மேல் ஒரு கண் வைத்தேன்.

ஒரு நாள் காலை சமையலறைக்குள் போனேன். குமார் ஏதோ ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலக்கி ரோசம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவள் அவசரமாகக் குடித்து வாயைத் துடைத்தாள். அவன் பாட்டிலை அடுப்புக்குப் பின்னால் தள்ளினான்.

"என்ன தூளு அது?"

"மூட்டு வலிக்கு, மாமா."

"லேபிள் எங்க?"

"ஈரத்துல போயிருச்சி."

கிழித்த காகிதத்தின் ஓரம் பாட்டிலில் ஒட்டியிருந்தது. ஈரத்தில் போனால் அப்படி இருக்காது.

"என்ன மாமா, போலீஸ்காரர் மாதிரி பாக்குறீங்க" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒரு கரண்டித் தூளைப் பொட்டலம் கட்டி, ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் சொல்லிச் சேகரிடம் கொடுத்தேன். தினமும் ஒரே ஜெபம். "கர்த்தாவே, மறைந்திருப்பதை வெளியே கொண்டுவாரும்." வாய் ஜெபித்தது. மனம் குமார் மாட்டிக்கொள்வதற்காகக் காத்திருந்தது. அவள் குடிக்கும் முன் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். எனக்குத் தூக்கம் குறைந்தது.

அந்தச் சனிக்கிழமை, முடிவு வந்துவிட்டது என்று சேகர் போன் செய்தான். உடனே பாட்டிலை எடுத்து என் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

சேகர் வந்தபோது குமார் குளித்துக்கொண்டிருந்தான். இருவரும் மெதுவாகப் பேசினோம்.

"மெசின் பேரு சொல்லாது அண்ணே. எரிச்சுப் பாத்து, எது எவ்வளவுன்னு மட்டும் சொல்லும். கார்பன் நாப்பது விழுக்காடு. ஹைட்ரஜன் ஆறு புள்ளி ஏழு. வேற ஒண்ணும் காணோம். அப்ப மிச்சம் அம்பத்து மூணு புள்ளி மூணு ஆக்சிஜன்."

"பாதிக்கு மேல காத்தா?"

"எடைய வச்சு அப்படிச் சொல்லக்கூடாது லா அண்ணே. ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு கனம். நமக்கு எண்ணிக்கைதான் வேணும்."

பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டான். மொத்தம் நூறு கிராம் என்று வைத்துக்கொண்டான். நாற்பதைப் பன்னிரண்டால் வகுத்தான். ஆறு புள்ளி ஏழை ஒன்றால். ஐம்பத்து மூன்று புள்ளி மூன்றைப் பதினாறால். மூன்று புள்ளி மூன்று, ஆறு புள்ளி ஏழு, மூன்று புள்ளி மூன்று என்று வந்தது. அவற்றில் சின்ன எண்ணால் மூன்றையும் மறுபடி வகுத்தான். ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று.

"சி எச் டூ ஓ" என்றான். முகம் மாறியது. "அண்ணே, எங்க லேப்புல தவளை, பாம்பு எல்லாம் ஊற வைக்கிற பார்மலின் இருக்குல்ல. அதுல கரைஞ்சிருக்கிறதும் இதே கணக்குதான்."

"பொணத்துக்குப் போடுவாங்களே, அதா?"

"அதான். ஆனா இது சின்னக் கணக்கு அண்ணே. முழுக் கணக்கு..."

நான் எழுந்துவிட்டேன்.

சமையலறையில் தட்டு விழுந்தது. ஓடினோம். ரோசம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து யாரென்று கேட்டாள். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள்.

குமார் ஈரத் தலையோடு வந்தான். அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினான்.

"பாட்டில் எங்க?"

"என்கிட்ட இருக்கு."

"குடுங்க மாமா! அத்தைக்குச் சீனி எறங்கிப் போச்சி! அது குளுக்கோஸ்!"

முதலில் மூட்டு வலி. இப்போது சீனி. இனிப்பு நீர்க்காரிக்குச் சீனியா?

"குடுங்கப்பா!" என்று ஷீலா கத்தினாள். இவளும் கூட்டா என்று நினைத்தேன். ஆம், பெற்ற மகளை அப்படி நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தேன். பாட்டில் கையில். கொடுத்தால் செத்துவிடுவாளோ. கொடுக்காவிட்டால் செத்துவிடுவாளோ. கண்ணை மூடினேன். "கர்த்தாவே, எது உண்மை?"

குரல் ஒன்றும் கேட்கவில்லை. என் வேலைதான் ஞாபகம் வந்தது. சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு. அந்தக் கலவையில் சாக்கடை மூடியும் செய்திருக்கிறேன், வீட்டுத் தூணும் செய்திருக்கிறேன். கலவையை மட்டும் சொன்னால் அது மூடியா தூணா என்று யார் சொல்ல முடியும்? சேகர் எனக்குக் கலவையைத்தான் சொல்லியிருந்தான்.

தூளை அள்ளி என் வாயில் போட்டேன். விஷம் என்றால் முதலில் எனக்கு ஆகட்டும்.

இனித்தது.

பாட்டிலைக் குமாரிடம் நீட்டினேன். அவன் கலக்கினான். அவளால் விழுங்க முடிந்தது. மிடறு மிடறாகக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, என்ன வாயெல்லாம் வெள்ளையா இருக்கு?"

ஷீலா அழுதுகொண்டே சிரித்தாள்.

கிளினிக்கில் தாதி என்னைத்தான் திட்டினார். ஊசியும் போட்டு, சாப்பாட்டையும் குறைத்தால் சீனி இறங்கிவிடும், அதுவும் உயிரை எடுக்கும் என்றார். அது எனக்குத் தெரியாது. லேபிளைக் கிழிக்கச் சொன்னது ரோசம்மா. "நீங்க பாத்தா குப்பையில போட்டுருவீங்க" என்றாள். போட்டிருப்பேன்.

வீடு யார் பேரில் என்று ஏன் கேட்டான் என்றும் கேட்டேன். "கார் நிறுத்துற ஸ்டிக்கருக்கு மாமா. வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும்னாங்க."

சேகர் பாதியில் நின்றதைச் சொல்லி முடித்தான். அதே கலவை ஒரு மடங்கு என்றால் பார்மலினில் இருப்பது. ஆறு மடங்கு என்றால் குளுக்கோஸ். இது ஒரு மடங்கா ஆறு மடங்கா என்று அந்த மெசின் சொல்லாது.

மறைந்திருப்பதை வெளியே கொண்டுவரும்படி கேட்டேன். கொண்டுவந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அது இல்லை. அவருக்கு ஸ்தோத்திரம்.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் வரும். வந்தால் முதலில் ஜெபிக்கிறேன். குமார் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. வாசல் வரை காரில் கொண்டுவந்து விடுகிறான். இன்றும் அவன்தான் விட்டான்.

உங்கள் வீட்டிலும் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று இருக்கலாம். அவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பெட்டியைப் பூட்டாதீர்கள்.

வீட்டுக்கு இரத்தத்தில் சீனி பார்க்கும் மீட்டர் வாங்கிவிட்டோம். நான்குக்குக் கீழே இறங்கக்கூடாது என்று தாதி சொல்லியிருக்கிறார். இன்று காலை ரோசம்மாவின் விரலை நான்தான் குத்திப் பார்த்தேன்.

ஆறு.