நாற்பது பைல்களும் ஒரு வேளைச் சாப்பாடும்

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம், காலை முதல் மாலை வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே வேலையை முடித்துவிடலாம். எண்பதுகளின் கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்தவன் நான். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

கண்ணாடி அறை

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு, பூஜை அறை மாதிரி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே டிரைவர்கள் பேசிச் சிரிப்பது தெரியும், கேட்காது. டீகூட கதவுக்கு வெளியே ஸ்டூலில்தான் வரும். ஒருநாள் அதைக் கொண்டுவந்த கிளார்க்கை, "உள்ளே வந்து கொஞ்சம் உட்காருங்களேன்" என்று கூப்பிட்டேன். பதறிவிட்டார்.

"ஐயோ, வேண்டாமுங்க. மூச்சுப் பட்டாலே கெட்டுப்போயிருமாமுங்க!"

கரன்ட் போன நேரம்

குமாரபாளையத்துச் சென்னியப்பன் வேறு மாதிரி. அவரிடம் நூல் வாங்கி நெய்து கொடுக்கும் தறிக்காரர்கள் நாற்பது பேர்; கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்குப் பைல். யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பூட்டி, திரையில் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தேன். மாதம் பிறந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டைத் திறந்து, போன மாதத்தின் பெயரை வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். கட்டளைகளைக் கையால் அடித்தால் ஒரு பகல் போய்விடும். மத்தியானம் அவர் மனைவி ருக்மணியம்மா இலை போட்டுக் கூப்பிடுவார். மாதம் முழுவதிலும் நான் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

நடுவில் கரன்ட் போகும். தறிச்சத்தம் அடங்கும். பாதிப் பைல்கள் புதுப் பெயரிலும் பாதி பழைய பெயரிலும் நிற்கும். எனக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை. சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"வாறப்ப வரட்டுமுங்க. அதுவரைக்கும் பேசிட்டு இருக்கலாமுங்க."

என் கெட்டிக்காரத்தனம்

"பாவம், அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோயிருமுங்க" என்று ருக்மணியம்மா ஒருநாள் சொன்னார். எனக்கு வித்தை காட்டும் ஆசை வந்துவிட்டது. அத்தனை கட்டளைகளையும் ஒரே பேட்ச் பைலில் எழுதினேன். மாதத்தின் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். நாற்பதும் தானாகப் பூட்டுத் திறந்து, பெயர் மாறி, மறுபடி பூட்டிக்கொள்ளும். சென்னியப்பனையே தட்டச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீங்க இத்தன தூரம் அலையவே வேண்டியதில்லீங்க!"

கோளாறு

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் கூப்பிடவில்லை. ஒரு சின்னத் தப்பையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன். நாலாம் மாதம் பிறந்த அன்று, எந்த வேலையும் இல்லாமல் பஸ் ஏறிப் போய் அவர் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் சென்னியப்பன் முகம் மாறிவிட்டது. உள்ளே ஓடிக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார். ருக்மணியம்மாவும் ஈரக் கையோடு வந்துவிட்டார். சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அது நல்லாத்தானுங்களே ஓடிட்டு இருக்குது?"

நாற்பது பூட்டுகளைத் திறக்கக் கட்டளை எழுதத் தெரிந்தவனுக்கு, 'சும்மா உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்' என்கிற ஒரு வரி வாயில் வரவில்லை. கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சேலம் திரும்பினேன்.