குடுவையில் வளர்ந்த கன்று

கன்னுக்காரம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் கைபட்டால் செத்ததும் பிழைக்கும் என்றுதான் தொடங்குவார்கள். அது சரியல்ல. செத்ததை அவர் ஒருநாளும் பிழைக்க வைத்ததில்லை. சாகக் கிடந்ததைப் பிழைக்க வைத்தார். யாராவது மாற்றிச் சொன்னால் அவரே திருத்துவார்.

கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனத்தில் அவர் செல் வளர்ப்புப் பிரிவின் தலைமைப் பணியாளர். நான் அங்கே சரக்கறைப் பொறுப்பில் இருந்தேன். இங்கே எழுதுவதில் ஒரு பாதி நான் கண்டது. மறுபாதி அவரும் அவர் மகளும் தனித்தனியே சொன்னது. இருவர் சொன்னதும் எங்கும் முரண்படவில்லை.

கணவர் சாலை விபத்தில் இறந்த பிறகு, இடுப்பில் குழந்தையோடு புட்டி கழுவும் வேலைக்கு வந்தவர் அவர். அப்போது நிறுவனம் என்பது மூடிப்போன ஆலையின் சாயக் கொட்டகை. சுவரில் பாதி உயரத்துக்கு நீலக் கறை. முதலாளி ஒரு கால்நடை மருத்துவர். சொந்த வீட்டை அடகு வைத்துத் தொடங்கியிருந்தார். தடுப்பூசிக்கு வைரஸ் வேண்டும். வைரஸ் உயிருள்ள செல்லில்தான் பெருகும். அந்தச் செல்லை வெளிநாட்டிலிருந்து வாங்காமல், எங்கள் பகுதிக் கன்றின் சிறுநீரகத்திலிருந்தே எடுத்து வளர்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

கன்றின் செல் வளரவில்லை. குடுவையின் அடியில் ஒட்டும்; சில நாள் கிடக்கும்; உதிர்ந்துவிடும். பக்கத்துத் தட்டில், ஒப்பிட்டுப் பார்க்க வாங்கி வைத்திருந்த குரங்குச் செல் மட்டும் மழைக்காலப் புல் மாதிரி மண்டியது. படித்து வந்த இரண்டு பேர் சலித்துப்போய் வேலையை விட்டார்கள். ஆள் இல்லாத குறைக்குப் புட்டி கழுவியவரைக் குடுவை பார்க்கச் சொன்னார் முதலாளி.

சில மாதங்களில் கன்று எழுந்துவிட்டது. குடுவையின் அடி முழுக்கப் படர்ந்து, பிரித்துப் பிரித்து ஊற்ற இடம் போதாமல் போயிற்று. முதலாளி கொட்டகை வாசலில் நின்று அழுதார். "என்னம்மா பண்ணினீங்க?" என்று கேட்டதற்கு, "பச்சப்புள்ளைய எப்படிப் பாத்துக்குவோமோ அப்படித்தான் சார்," என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சமைக்கத் தெரிந்தவரிடம் பக்குவம் கேட்டால் என்ன சொல்வார்?

அந்தச் செல்லின் மேல்தான் எல்லாம் எழும்பியது. தடுப்பூசி வந்தது, மாடுகள் பிழைத்தன. சாயக் கொட்டகை மூன்று மாடிக் கட்டடம் ஆயிற்று. அரசு சுற்றிலும் நிலம் எடுத்து உயிரித் தொழில் வளாகம் என்று பலகை வைத்தது. பரிசோதனைப் பெட்டி செய்கிறவர்கள், நொதி தயாரிக்கிறவர்கள், குளிர்வண்டி ஓட்டுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வளாகத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் முதலில் காட்டுவது கன்னுக்காரம்மாவின் அறையைத்தான். "இந்த மண்ணின் செல்" என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. "மண்ணு உள்ள வந்தா மொத்தமும் போச்சு, அதப் போய் கதவுல எழுதி வெச்சிருக்காங்க," என்று அவர் சிரிப்பார்.

மகள் படித்து, அதே நிறுவனத்தின் தரச் சோதனைப் பிரிவுக்கு வந்தாள். கீழ்த்தளத்தில் அம்மா, மேல்தளத்தில் மகள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றாக உட்கார்வார்கள். அங்கேயும் ஓயாத வாக்குவாதம்.

"என் செல்லுக்கு நீ சர்டிபிகேட் குடுக்கிற. நல்ல காலம்டி."

"சும்மா குடுக்கல. பரீட்சை வெச்சுத்தான் குடுக்கிறேன்."

"பெத்தவளுக்கே பரீட்சையா?"

அந்தப் பரீட்சை உண்மையிலேயே வந்தது. அயல்நாடு ஒன்று பெரிய அளவில் தடுப்பூசி வாங்க முன்வந்தது. அதை நம்பி முதலாளி வங்கியில் கடன் வாங்கிப் புது உற்பத்திக் கூடம் கட்டினார். வாங்குகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: செல் எந்த விலங்கினுடையது என்று மரபணுச் சோதனை செய்து காட்ட வேண்டும். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கன்றிலிருந்து எடுத்தது கன்றினுடையதாகத்தானே இருக்கும்?

மகள் சோதித்தாள். குரங்கு என்று வந்தது. தன் கைதான் எங்கோ தவறியது என்று நினைத்து, வேறு குடுவையிலிருந்து எடுத்து மறுபடி செய்தாள். அதுவும் குரங்கு.

மேலிடத்தில் சொல்வதற்கு முன் அம்மாவிடம் சொன்னாள். வீட்டில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, உன் செல்லு கன்னு இல்ல. குரங்கு."

"உன் மெஷின்தான் குரங்கு," என்றார் அம்மா. சோற்றைக் கிளறினார். கரண்டியை வைத்துவிட்டு, "சோத்துக் கையால குடுவைய எத்தனை தடவை தொட்டேன்னு கேப்பியா இப்போ?" என்றார். குரல் மாறியிருந்தது.

மறுநாள் மூவரும் முதலாளி அறையில் உட்கார்ந்தார்கள். அரசு உரிமம் கன்றின் செல்லுக்கு; புதுக் கன்றிலிருந்து தொடங்கினால் புது உரிமம் பெறவே வருடக்கணக்கில் ஆகும். கடன் அதுவரை பொறுக்காது. கன்னுக்காரம்மாதான் வழி சொன்னார். திரவ நைட்ரஜன் தொட்டியில் ஒரே ஒரு குப்பி மிச்சம் இருந்தது. முதல் கன்றிலிருந்து எடுத்தவுடனேயே, செல் எழுந்து வளரும் முன்பே, உறைய வைத்தது. மற்ற குப்பிகள் பழைய தொட்டி பழுதானபோது போய்விட்டன. அதைச் சோதித்தால் கன்று என்று வரும்; அதையே வளர்த்து, பழைய உரிமத்திலேயே உற்பத்தியைத் தொடரலாம். சோதனைக்கும் செல் போதுமான அளவு பெருக வேண்டும்.

"பொழைக்குமாம்மா?" என்று கேட்டார் முதலாளி.

"அன்னிக்குப் பொழைச்சது. இன்னிக்கும் பொழைக்க வைக்கிறேன்."

குப்பியை உருக்கினார். அடுத்த நாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருந்தன. முதல் வாரம் முழுக்க அப்படியே கிடந்தன. பிறகு சில உதிர்ந்தன. அந்த நாட்களில் அவர் அறைக்குள் எவரையும் விடவில்லை. செல்லுக்கு ஊட்டும் திரவமான மீடியத்தை என்னிடம் வாங்கிப் போக வந்தால், புட்டியைச் சரிபார்த்துக்கொண்டு உடனே திரும்புவார். கட்டடம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. குளிர்வண்டி ஓட்டுநர் கூட என் சாளரத்தில் எட்டிப் பார்த்து, "கன்னு கண்ணு முழிச்சுதா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், கையுறையைக் கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி வந்து மகளை இழுத்துக்கொண்டு போனார்.

"வந்து பாரு. எழுந்துட்டா. அடி பூரா படர்ந்துட்டா!"

மகள் நுண்ணோக்கியில் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"என்னடி, வாயடைச்சுப் போச்சா?"

"போன வாரம் உதிர்ந்துட்டு இருந்துச்சு. எப்படிம்மா இவ்வளவு வேகமா?"

"எல்லாம் ஊட்டம்தான். புது மீடியம் மட்டும் குடுத்தா நோஞ்சான் செல்லு தேறாது. நல்லா வளர்ற குடுவையில ரெண்டு நாள் ஊறின மீடியம் இருக்குல்ல, அதுல கொஞ்சம் எடுத்து ஊத்தணும். அதுல சத்து இறங்கியிருக்கும். தாய்ப்பால் மாதிரி."

"எந்தக் குடுவையிலிருந்து?"

"நம்ம உற்பத்திக் குடுவைதான். உன் மெஷின் என்ன சொன்னா என்ன, எனக்கு அது நாள்பட்ட கன்னு, நல்ல வலுவா இருக்கு. அந்தக் காலத்துல அது ஏது? பக்கத்துத் தட்டுல இருந்த குரங்குலேர்ந்துதான்…"

அந்த இடத்தில் அவர் நிறுத்தினார்.

மகள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஊறிய திரவத்தில் சத்து மட்டும் இருப்பதில்லை. உதிர்ந்த செல் சிலதாவது மிதக்கும், கண்ணுக்குத் தெரியாது. வலுவான செல் ஒன்று விழுந்தால் போதும், மெலிந்தவற்றை ஒதுக்கிவிட்டு அதுவே குடுவையை நிரப்பிவிடும். இதையெல்லாம் மகள் அப்போது விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை. கன்னுக்காரம்மா மெல்ல நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார்.

"கன்னு இவ்வளவு அவசரப்படாதுல்ல," என்றார்.

ஒப்புக்காகத்தான் சோதித்தார்கள். குரங்கு. கன்றின் செல் என்று உலகில் மிஞ்சியிருந்த ஒரே குப்பியும் போய்விட்டது.

முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் கழுத்தில் கத்தி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, "நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும். சோதனைக்குக் குடுவைச் செல்லுக்குப் பதிலா மாட்டு ரத்தம் கொஞ்சம் வெச்சா என்ன? அதுவும் மாடுதானே," என்றார்.

கன்னுக்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு அவங்களே வந்து குடுவையக் காட்டுன்னு கேட்டா, மாட்டைப் புடிச்சு குடுவைக்குள்ள விடுவீங்களா சார்?"

முதலாளி சிரிக்கத் தொடங்கி, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மகள் மேலே போய், வாங்குகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். தடுக்க யாரும் எழவில்லை.

வாங்க வந்தவர்கள் விலகினார்கள். உரிமம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி அத்தனை வருடமும் வேலை செய்ததே என்று சிலர் வாதாடினார்கள். வேலை செய்தது உண்மைதான். உரிமம் கன்றின் செல்லுக்கு என்பதும் உண்மை. வங்கி கட்டடத்தை எடுத்துக்கொண்டது. எங்களை நம்பி வந்த சிறு நிறுவனங்களும் பின்னாலேயே கழன்றுகொண்டன. வளாகத்தின் கூடங்களில் இப்போது நெகிழி நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன.

கடைசிச் சம்பளம் வாங்கிய அன்று, கன்னுக்காரம்மாவிடமே வேலை கற்ற ஒருத்தி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பிள்ளையார் பிடிக்கப் போனாங்க அம்மா. பொண்ணு அது குரங்குன்னு ஊருக்கே தம்பட்டம் அடிச்சா. ரெண்டு பேரும் சேர்ந்து நம்ம அடுப்புல தண்ணிய ஊத்திட்டாங்க." அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத கணவன். கன்னுக்காரம்மா அவளைத் தாண்டி நடந்து போனார்.

பிறகு அவர் எந்த ஆய்வகத்துக்கும் போகவில்லை. மருந்துக் கடை ஒன்றில் பெட்டி அடுக்கினார். மகளுக்குத் தொலைவில் வேலை கிடைத்தது. கூப்பிட்டும் அம்மா போகவில்லை. கடைசி வருடம் படுக்கையில் விழுந்தபோது மகள் விடுப்பில் வந்து பார்த்துக்கொண்டாள். ஒருநாள் நானும் போயிருந்தேன். மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து, நான் இருப்பதையும் பொருட்படுத்தாமல் கேட்டாள்:

"அம்மா, அன்னிக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாமா?"

கன்னுக்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"இருந்திருந்தா நான் சந்தோஷமா செத்திருப்பேன்," என்றார். "கஞ்சி ஆறுது பாரு. நீ மொதல்ல சாப்பிடு."