ஹாரன் அடித்த நேயர்கள்

எங்க வூட்ல நான் வாயத் தொறந்தாலே டிவி சத்தத்தக் கூட்டுவாங்க. அப்பா, அம்மா, அண்ணன்னு எல்லாருக்கும் அந்த ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துமை. அதனால, நான் பதினொண்ணாவது படிக்கும்போது எங்க ஸ்கூல்ல பொண்ணுங்களே நடத்துற ரேடியோன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, "யாரு பேசறீங்க?"ன்னு கேட்டப்போ, நான் பெஞ்சு மேலயே ஏறி நின்னுட்டேன்.

ரேடியோன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. லேப் பக்கத்துல ஒரு சின்ன ரூம், ஒரு மைக்கு, மொட்டமாடியில ஒரு குழா ஸ்பீக்கரு. இன்டர்வெல்ல கிரவுண்டுல நிக்கிற பொண்ணுங்களுக்கு நியூஸ் சொல்லுவேன், விடுகத போடுவேன். ஒருத்தியாவது கேக்கணுமே? சமோசா வாங்குற எடத்துல அடிதடி. என் உயிர்த் தோஸ்தே, "நேத்து நீ பேசினியா இன்னா?"ன்னா. வவுறு எரிஞ்சுது எனக்கு.

ஆனா விடுகத போட்டா மட்டும் வெளிய ஹாரன் சத்தம் கேக்கும். எங்க ஸ்கூல் திருவொற்றியூர்ல, ஹார்பருக்குப் போற ரோட்டு மேல. கன்டெய்னர் லாரிங்க உள்ள போக மணிக்கணக்கா வரிசையில நிக்கும். ஹாரன் சகஜந்தான். இருந்தாலும் ஒரு சந்தேகம். ஒரு நாள் மைக்குல, "ரோட்டுல யாருக்காவது கேக்குதா? கேட்டா ஒரு தபா ஹாரன் அடிங்க"ன்னேன்.

யம்மாடி! தேரடிலேர்ந்து டோல்கேட் வரைக்கும் அடிச்சாங்க. மாடிக்கு ஓடிப் போய்ப் பாத்தா, கடக்காத்துல கிளாம்பு லூசாகி, ஸ்பீக்கரு ரோட்டப் பாத்துத் திரும்பிக்கினு கீது. யாருகிட்டயும் மூச்சு வுடல. அன்னிலேர்ந்து என் நிகழ்ச்சி லாரிக்கார அண்ணனுங்களுக்குத்தான். நான் சொல்ற விட சரின்னா ஒரு ஹாரன், தப்புன்னா ரெண்டு. நான் சொல்றத ஊரே கேக்குதுன்னு கால் தரையில படாமத் திரிஞ்சேன்.

எச்.எம். மேடம் ஹாரன் சத்தத்துக்குக் காரணத்தக் கண்டுபுடிச்சுட்டாங்க. "பன்னெண்டாவதுக்கு நாளைக்கு பிராக்டிகல். அது முடிஞ்சதும் ஸ்பீக்கர உள்பக்கம் திருப்பறோம். அதுக்கப்புறம் ஒரு ஹாரன் கேட்டாலும் ரேடியோவே கெடையாது"ன்னாங்க. அழுதுட்டேன். மூக்கு ஒழுக, வெக்கமில்லாம அழுதேன்.

மறுநாள் காலையில அக்காங்க எல்லாம் லேப்ல ரெடி. வேற ஸ்கூல்லேர்ந்து வர வேண்டிய எக்ஸாமினரக் காணோம். மேடம் போன் போட்டா, மனுஷன் கன்டெய்னர் வரிசைக்கு நடுவுல மாட்டிக்கினு கீறாரு. கார் கதவத் தொறக்கக்கூட எடமில்லியாம். மேடம் மூச்சு வாங்க என் கிளாசுக்கு ஓடி வந்து, என்னை ரேடியோ ரூமுக்கு இழுத்துக்கினு போய், மைக்க என் கையில குடுத்தாங்க. "வெள்ளக் காரு"ன்னாங்க.

"அண்ணே, வெள்ளக் காருல ஒரு சாரு மாட்டிக்கினு கீறாரு. இன்னிக்குப் பரிட்ச. லேட்டானா வருசமே வீணாப் பூடும். அந்தக் காருக்குப் பக்கத்துல கீறவங்க மட்டும் ஹாரன் அடிங்க!"

டோல்கேட் பக்கம் ஒரு ஹாரன் கேட்டுது. "அவங்களுக்கு முன்னாடி கீறவங்க ஓரமா ஒதுங்குங்கண்ணே!" ஆம்புலன்சுக்கே அசையாத வரிசை, அசைஞ்சுது.

எக்ஸாமினர் வந்து எறங்கினாரு. தலையெல்லாம் நரை, ரிட்டயராகப் போற வயசு. "என்ன மேடம் நடக்குது இங்க? வழியெல்லாம் லாரிக்காரங்க எட்டிப் பாத்து, 'பயப்படாம எழுது நைனா'ங்கறாங்க. ஒருத்தர் பேனா வேற குடுத்தாரு." நிஜமாவே பேனா கையில கீது. அவசரத்துல நான் அவரு எக்ஸாமினர்ன்றதையே சொல்லல. மேடம் ஒதட்டக் கடிச்சுக்கினு அவர லேப்புக்குக் கூட்டிக்கினு போனாங்க.

ஆனா சொன்ன சொல்லு மாறல. சாயங்காலமே ஸ்பீக்கரத் திருப்பிட்டாங்க. நான் மறுபடியும் சமோசா கூட்டத்துக்கு நியூஸ் படிச்சேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு லாரிக்கார அண்ணன் வண்டிய நிறுத்திட்டு எங்க கேட்டாண்ட வந்துட்டாரு. வாட்ச்மேன் தொரத்தியும் நவுரல. மேடமே போனாங்க, பின்னாடியே நானும்.

"ரேடியோல பேசுற பாப்பா எங்க மேடம்? சத்தத்தையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா? அந்த சாரு இன்னா ஆனாரு, பாசா? வரிசையில அத்தினி பேரும் கேட்டுக்கினு கீறாங்க."

எங்க வூட்ல நான் சொன்ன எதுக்கும், "அப்புறம் இன்னா ஆச்சு?"ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. மேடம் என் மூஞ்சியப் பாத்தாங்க. அப்புறம் வாட்ச்மேன் கையில மொட்டமாடி சாவியக் குடுத்தாங்க.

ஸ்பீக்கரு ரோட்டுப் பக்கம் திரும்பினதும் மைக்க ஆன் பண்ணி, "சாரு பாசுண்ணே!"ன்னேன்.

சரின்னா ஒரு ஹாரன்ற கணக்க அன்னிக்கு ஒருத்தரும் மதிக்கல.