இனி இது உன்ட ஊடு

இளைய மகள் பழைய சிறுவர் நாவல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு பாடசாலைக் கேள்வியைச் சத்தமாக வாசித்தாள்: ‘கதையின் முடிவில் கதாநாயகியிடம் ஏற்பட்ட வளர்ச்சியை விளக்குக.’ அந்தப் பழந்தாளின் வாசம் என்னை எண்பதுகளுக்கு, இதே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போது நான் வாசித்த நாவல்களில் எல்லாம் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போவார்கள், பெரியவர்களாகிவிடுவார்கள். வளர்வதென்றால் போவதுதான் என்று நம்பி நானும் காத்திருந்தேன். கல்முனையில் எங்கள் ஆட்களிடம் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவான் என்பது புத்தக மயக்கத்தில் மறந்தே போனது.

பதினேழு வயதில் கலியாணம். பெட்டியோடு வந்தவர் மாப்பிள்ளை. சில மாதங்களில் உம்மாவும் வாப்பாவும் தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு, அடுத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டுக்குக் கிளம்பினார்கள். மாட்டு வண்டியில் அம்மியும் ஏறியது.

“நானும் வாறன் உம்மா.”

“இனி இது உன்ட ஊடு மகள். ஊட்ட உட்டுட்டு எங்க வாறாய்?”

அன்று பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்னபோது மாப்பிள்ளை கடையில் இருந்தார். நான் முற்றத்து மணலில் நின்றேன். ஒவ்வொரு நாளும் அந்நேரம் “உள்ள வாங்க புள்ளையள்” என்று உம்மா கூப்பிடுவா. பாங்கு ஓய்ந்து கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. இருட்டும்வரை நின்றுவிட்டு, நானே உள்ளே போய் விளக்கைக் கொளுத்தினேன்.

“உம்மா, இந்தக் கேள்விக்கு என்ன எழுதுறது?” என்றாள் மகள்.

“ஆரும் கூப்பிடாமலே உள்ள போகப் பழகிட்டாள் எண்டு எழுது.”