தானாக இறங்கும் குரல்

கை படாமலே திரையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பிரௌசர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தேன். மைக்கின் ஒலியளவைக் காட்டும் கோடு அது. எண்பதில் வைத்தது அறுபதானது, நாற்பதானது. பதினெட்டில் நின்றபோது நேரம் 9.12 என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இங்கே, பின்லாந்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே, எங்கள் மலையில், காவலூர்ப் பக்கத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், டிவி திரையில் என் முகம்.

அன்று அக்கா மகள் கலைவாணிக்கு நிச்சயம். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, "எங்க பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்குறோம்" என்று தாய்மாமன் சபை கேட்க மூன்று முறை சொன்ன பிறகுதான் தாம்பூலத் தட்டு கை மாறும். முதல் முறை எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது பாதிதான் கேட்டது. மூன்றாவது கேட்கவே இல்லை.

"மாமா, உங்க குரல் கெணத்துக்குள்ள போவுது" என்றாள் கலைவாணி.

மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டைத் தம் பக்கமே இழுத்துக்கொண்டார். "சொல்லச் சொல்ல கொரலு எறங்குதுன்னா மனசு இல்லன்னு அர்த்தம். மனசு இல்லாத மாமன் வாக்கு நமக்கு இன்னாத்துக்குங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் சாமைக் கொல்லையில் நான் நிற்க, எதிர்ச் சரிவிலிருந்து அப்பா கூப்பிடுவார், நடுவில் ஓடை. ஒளிக்க ஏதாவது இருப்பவன்தான் எங்கள் மலையில் தணிந்து பேசுவான். பிறகு போனில் சொன்னாலும் என்னைச் சமாதானம் செய்து சொல்லவைத்ததாகத்தான் ஆகும். அடுத்த ஞாயிறு, அதே சபையில், அதே திரையில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. "அதுவும் தப்புச்சுன்னா வேற எடம் பாத்துக்குவாங்க மாமா" என்றாள் கலைவாணி. அந்தப் பையனை அவளே விரும்பிக் கேட்டிருந்தாள்.

திங்கள்: மைக்கைப் பிற செயலிகள் தம்வசப்படுத்தும் அனுமதியை நீக்கினேன். கோடு இறங்கியது. செவ்வாய்: மைக்கை மாற்றினேன். இறங்கியது. புதன்: அதே வாக்கியத்தை மெதுவாகப் பத்து முறை, உரக்கப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். மெதுவாகச் சொன்னபோது கோடு அசையவில்லை. உரக்கச் சொன்னால்தான் இறங்கியது. என் சத்தத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு பிரௌசரில் ஏதோ ஒன்று திருத்திக்கொண்டிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மார்யா. சண்டையா, உதவி வேண்டுமா என்று மிகத் தணிந்த குரலில் கேட்டார். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிப் பழகுகிறேன் என்றேன், எனக்குத் தெரிந்த ஃபின்னிஷில். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கையைக் குலுக்கி வாழ்த்தினார். கல்யாணம் எனக்கில்லை என்று விளக்குவதற்குள் போய்விட்டார்.

வியாழன்: அழைப்புத் தளத்தின் அமைப்புகளுக்குள், மூன்றாம் அடுக்கில், ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி 'ஆன்' நிலையில் இருந்தது. அணைத்தேன். வெள்ளியும் சனியும் உரக்கவே பேசிச் சோதித்தேன். எண்பது எண்பதாகவே நின்றது.

ஞாயிறு, 9.05. ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முடிந்ததும் பெரியப்பா தட்டை நீட்டினார். "போதும் மாமா, டிவி ஒடஞ்சுடப் போவுது" என்று கலைவாணி சிரித்தாள்.

அழைப்பை முடித்துக் கதவைத் திறந்தால் மார்யா, கையில் பூங்கொத்தோடு. அவரைப் போலவே தணிந்த குரலில் நன்றி சொன்னேன். அவர் காதைச் சற்று என் பக்கம் சாய்த்து, கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்.