மெயினருவியில் அக்கா நகரவில்லை

கொரோனாவில் மூடிக்கிடந்த அருவிகளில் மறுபடி குளிக்க விட்டபின் வந்த முதல் சாரல் சீசனில், அக்காவைக் குற்றாலம் கூட்டிப்போனேன். சுமதி அக்கா சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருடம் கொரோனா வார்டு. ஊர் சுரண்டைதான், ஆனால் அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு வரவில்லை. நாலு நாள் லீவு கிடைத்ததும் நான்தான் சென்னைக்குப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் தென்காசி இறங்கினோம். குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். "நல்ல நேரத்துல வந்திருக்கிய, தண்ணி அருமையா விழுது" என்றார் டிரைவர் அண்ணாச்சி. அக்கா அதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள்.

மெயினருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். நெற்றியில் ரத்தம். "எங்க அக்கா நர்ஸ்தான், வழி விடுங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். அக்கா கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, வா!"

என்னைப் பார்த்தாள். வரவில்லை. பெண் போலீஸ் ஒருவர்தான் ஓடிவந்து துண்டால் காயத்தை அழுத்தினார். நல்லவேளை, சின்னக் காயம்.

தெருநாய்க்கு அடிபட்டாலும் முதலில் ஓடுகிறவள் இவள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளே பேசினாள். "ஏட்டி, எனக்குக் காலு வரல. அந்தப் பொம்பள கத்துனது கேட்டுச்சு. உள்ள ஒண்ணுமே தோணல."

"எப்ப இருந்துக்கா?"

"ரெண்டாவது அலையில இருந்து. அந்த பிபிஇ உடுப்ப மாட்டுனா டூட்டி முடியுத வரைக்கும் தண்ணி கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஒருத்தர் கையப் பிடிச்சிருக்கும்போதே அடுத்த பெட்டுல அலாரம் அடிக்கும். கைய உருவிட்டு ஓடணும். திரும்பி வந்தா அவரு இருக்க மாட்டாரு. இப்பவும் ஊசி போடுதேன், சிரிக்கக்கூடச் செய்யுதேன். அது நான் இல்லட்டி."

வாராவாரம் போனில் பேசியிருக்கிறோம். "சாப்பிட்டியா, மாஸ்க் போடுதியா" என்று அவள்தான் எங்களைக் கேட்பாள். டீ ஆறிப்போனது.

ஐந்தருவி, செங்கோட்டை எல்லாவற்றையும் விட்டோம். லாட்ஜில் அக்கா தூங்கித் தீர்த்தாள். கிளம்புகிற அன்று மேட்ரனுக்குப் போன் செய்து லீவை நீட்டிக் கேட்டாள். "ஆளில்லையே சுமதி" என்றது அந்தப் பக்கம். "நானும் ஆளா இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சென்னையில் மனநல மருத்துவரைப் பார்த்தாள். அவள் தேறிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது ஒரு சின்ன கிளினிக்கில் பகல் ஷிஃப்ட் மட்டும்.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் இருக்கும். வாரநாளில் போங்கள், கூட்டம் குறைவு. பாறை வழுக்கும். கூட வருகிறவர் அந்த வார்டுகளில் வேலை பார்த்தவர் என்றால் ஒரே நாளில் எல்லா அருவியும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். அவர் பேச ஆரம்பித்தால், பஸ் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருங்கள்.