விழத் தெரியாத பயில்வான்

கோதா மண் நாக்கில் லேசாகப் புளிக்கும். அப்புறம் நல்லெண்ணெய் வாசனை வரும், கடைசியில் மஞ்சளின் கசப்பு அடித்தொண்டையில் நின்றுகொள்ளும். இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினோரு வயதில் ஏறக்குறைய ஒரு கோடை முழுவதும் நான் அதைத் தினம் ஒரு சிட்டிகை தின்றுகொண்டிருந்தேன். செம்மண்ணைச் சலித்து, மோரும் எண்ணெயும் மஞ்சள்பொடியும் விட்டுப் பிசைந்து, அதில் பயில்வான்கள் கட்டிப் புரண்டு எழுந்த பிறகு அவர்களுடைய பலத்தில் கொஞ்சம் மண்ணில் இறங்கியிருக்கும், அதை உட்கொண்டால் எனக்குள் ஏறும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. ஏறியது பலமல்ல, பூச்சி. தாயார் விளக்கெண்ணெயைப் புகட்டி அந்த ஆராய்ச்சிக்கு முடிவு கட்டினாள். பிற்காலத்தில் தடித்தடியான புத்தகங்களை வாங்கி அடுக்கி, அவற்றிலுள்ள அறிவு எப்படியாவது எனக்குள் ஏறிவிடும் என்று நம்பியதும் கிட்டத்தட்ட இதே முறைதான், பலனும் அதேதான்.

இது சின்ன மடத்தனம். அதே கோடையில் பெரிய மடத்தனம் ஒன்றும் செய்தேன். அதில் வேறொரு மனிதருடைய பிழைப்பு சம்பந்தப்பட்டிருந்தது.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம்கூட ஆகியிராத காலம் அது. திருநெல்வேலி டவுனிலிருந்து ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் எங்கள் கோதா இருந்தது. 'எங்கள்' என்று உரிமை கொண்டாடுகிறேனே தவிர, அங்கே நான் செய்த ஒரே வேலை மண்ணைக் கொத்திக் கிளறுவதுதான். குருநாதர் மேலப்பாளையத்து மீரான் உஸ்தாத். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர், விடியற்காலையில் ஆற்றைக் கடந்து வந்து பதினெட்டு மாமிச மலைகளை ஒற்றை விரலால் அதட்டி வேலை வாங்குவார். பள்ளிக்கூட வாத்தியாரான என் தகப்பனார், நான் அதிகாலையில் ஆற்றில் முங்கிவிட்டுத் திருநீறு பூசி வருகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். "உடம்ப வளக்குதவன் ஒருநா அத எவன்கிட்டயாவது கொண்டுபோய் விக்கத்தான் செய்வான்" என்பது கோதாவைப் பற்றி அவருடைய தீர்ப்பு. அது பலிக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

பதினெட்டுப் பேருக்கும் மேலே பத்தொன்பதாவதாக ஒருவர் இருந்தார்: தச்சநல்லூர் மாசானம் பயில்வான். அவர் முதுகில் மண் ஒட்டி யாரும் பார்த்ததில்லை. குஸ்தி முடிந்ததும் ஜனங்கள் ஜெயித்தவருடைய முகத்தைத்தானே பார்ப்பார்கள்? மாசானம் அண்ணாச்சி விஷயத்தில் அப்படியில்லை. எல்லோரும் பின்பக்கமாக ஓடிப்போய் முதுகைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு இல்ல வே!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், ஏதோ தாங்களே ஜெயித்த மாதிரி.

உஸ்தாதிடம் சட்டம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எதிர்க்கட்சிக்காரனிடம் வேட்டியோ வெள்ளாட்டுக் கிடாயோ வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் பயில்வான்கள் அந்தக் காலத்தில் உண்டு. அதனால் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும், லங்கோட்டை அவன் கையில் கொடுக்கும்போது அவர் சொல்வார்: "தோத்து விழுந்தியன்னா நானே கை குடுத்துத் தூக்குவேன். வேணும்னு விழுந்தியன்னா இந்த மண்ணத் தொடப்படாது."

மாசானத்தைச் சோறு போட்டு வளர்த்த ஜமீன்தார் அந்த வருஷம் காலமானார். பட்டத்துக்கு வந்த பிள்ளைக்குக் குஸ்தியில் பிரியமில்லை, குதிரையில்தான் பிரியம். படிக்கணக்கில் பாலும், வாதாம்பருப்பும், கறியும் ஒரே நாளில் நின்றுபோயின. அண்ணாச்சிக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, வலது முட்டி வேறு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது, வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். அந்தச் சமயத்தில்தான் டவுனில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் அசுர வேஷக்காரருக்குக் குளிர்காய்ச்சல் கண்டு அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். கம்பெனியின் வாத்தியார், மதுரைப் பக்கத்து மனிதர், ஆற்றுக்குப் போகிற வழியில் மாசானம் தண்டால் எடுப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாராம். கோதாவில் சவால் விட்டுப் பழகிய குரல் வேறு. கடைசித் தரை டிக்கெட் வரை கணீரென்று போகும். மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டுக்குத் தனியாக அரிசி என்று பேசி முடித்துக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாடகத்தின் கதை அந்தக் கால நாடகங்கள் எல்லாவற்றின் கதையும்தான். அசுரன் ராஜகுமாரியைத் தூக்கிப் போவான். ராஜகுமாரன் ஒன்பது பாட்டுப் பாடி அவனைக் கொல்வான். பத்தாவது பாட்டை அசுரனுடைய மார்பில் கால் வைத்துப் பாடுவான். அதாவது, அசுரன் மல்லாந்து விழவேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது.

முதல் நாடகத்தில் மாசானம் நின்றபடியே செத்தார். தூணில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். ராஜகுமாரனாக நடித்த ராஜபார்ட்காரர், ஊதினால் பறக்கும் உடம்பு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டே பத்தாவது பாட்டைப் பாடி முடித்தார். இரண்டாம் நாடகத்தில் அண்ணாச்சி எவ்வளவோ மனசைத் திடப்படுத்திக்கொண்டு விழுந்தே விட்டார், ஆனால் குப்புற. ராஜபார்ட் வேறு வழியில்லாமல் முதுகில் கால் வைத்துப் பாட, தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், "ஏலே, கொல்லுதானா, முதுகு மிதிச்சு விடுதானா?" என்று கேட்டது. அப்புறம் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை.

கொட்டகைக்குப் பின்புறத்துக் கீற்றில் என் கண் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. மறுநாள் பள்ளிக்கூடத்தின் மத்தியான இடைவேளையில் நான் அந்த ஓட்டையில் கண்ணை வைத்திருந்தபோது உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒத்திகையா அது? கம்பெனி வாத்தியார் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை மல்லாக்க விழுய்யா! செத்துப்போன்னா சொல்றேன்? விழத்தானே சொல்றேன்!"

"கொன்னு போடுங்க, படுத்துக்கிடுதேன்" என்றார் மாசானம். "உசுரோட மல்லாக்க விழுன்னா எப்படி விழ?"

"அண்ணாச்சி, என் காலுக்காவது ஒரு வழி சொல்லுங்க" என்றார் ராஜபார்ட்.

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை கடைசி நாடகம். நெஞ்சு மேல பார்த்து விழணும். இல்லேன்னா, ஞாயித்துக்கிழமை கம்பெனி தூத்துக்குடிக்கு ரயில் ஏறும்போது நீ ஏற வேண்டாம்."

எல்லோரும் போன பிறகு மாசானம் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கால்களை நீட்டி, முழங்கையை ஊன்றி, பைய, மிகவும் பைய, பின்பக்கமாகச் சாய்ந்தார். முதுகுக்கும் பலகைக்கும் ஒரு சாண் இருக்கும்போது அந்தப் பெரிய உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அப்படியே கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு, விருட்டென்று எழுந்து, ஒன்றுமே ஒட்டாத முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இதைக் கண்ட ஒரு சாதாரணப் பையன் பரிதாபப்பட்டிருப்பான். நான் மண் தின்றவன் அல்லவா? எனக்கு வந்தது ஆத்திரம். அந்த முதுகு அவருடையது மட்டுமல்ல, ஊருக்கே பொதுவானது என்று நினைத்தேன். உஸ்தாத் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டால் அண்ணாச்சி விழத் துணியமாட்டார், மானம் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று பெண் குழந்தைகள் என் கணக்கில் வரவே இல்லை. மறுநாள் விடியற்காலையில், கோதாவில் மண்வெட்டியோடு நின்ற உஸ்தாதிடம் போய், "உஸ்தாது, மாசானம் அண்ணாச்சி சனிக்கிழம வேணும்னே விழப் போறாக" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சரி, நீ மண்ணக் கொத்துலே" என்றார். மகான்கள் அதிர்ச்சியை வெளிக்காட்டமாட்டார்கள் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை உஸ்தாத் வந்தார். பதினெட்டுப் பேரும் வந்தார்கள். முன்வரிசைப் பாயில் கட்டிய கையும் விறைத்த கழுத்துமாக அவர்கள் உட்கார்ந்ததில் பின்னாலிருந்த நான்கு வரிசைக்கு மேடை மறைந்துபோயிற்று, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுடைய முதுகுகளுக்கு நடுவே, வீட்டில் இப்போது மறந்துபோன ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்து, நானும் இருந்தேன். முதல் காட்சியில் கர்ஜித்துக்கொண்டே உள்ளே வந்த அசுரன் முன்வரிசையைக் கண்டதும் ஒரு நொடி வசனத்தை நிறுத்தினான். அப்புறம் தொடர்ந்தான்.

ஒன்பது பாட்டும் முடிந்தன. ராஜபார்ட் காகிதம் ஒட்டிய கதாயுதத்தால் ஓங்கி அடித்தார். அசுரன் நின்றான். மறுபடி அடித்தார். நின்றான். ஆர்மோனியக்காரர் ஒரே சுரக்கட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டியின் மறைவில் வாத்தியாருடைய குடுமி ஆடுவது தெரிந்தது. "விழு, விழு" என்று அவர் கெஞ்சுவது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. சிரிப்பதற்குத் தயாராக வந்திருந்த தரை டிக்கெட்டுக்குக் கூட ஏனோ சிரிப்பு வரவில்லை. மாசானம் உஸ்தாதைப் பார்த்தார். உஸ்தாத் மாசானத்தைப் பார்த்தார்.

முதலில் வலது முட்டி மடிந்தது. எழுந்துவிட்டார். கை காற்றில், எதிராளியின் கழுத்து இருக்கவேண்டிய உயரத்தில், பிடிமானம் தேடித் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே பின்பக்கமாகச் சரிந்தார். ஆனால் முதுகு பலகையைத் தொடவில்லை. உச்சந்தலையும் குதிகால்களும் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு வில்லாக வளைந்து நின்றது. கோதாவில் இதற்குப் 'பாலம்' என்று பெயர்; தோற்கப்போகிற பயில்வானுக்கு அதுதான் கடைசிக் கோட்டை, அது உடைந்தால் அப்புறம் ஒன்றுமில்லை. முன்வரிசையில் பதினெட்டுப் பேருடைய கழுத்து நரம்புகளும் புடைத்தன. "விடாதேயும் வே!" என்று எவரோ தம்மை மறந்து கத்தினார். "விழாதீங்க அண்ணாச்சி!" என்று நானும் கத்தினேன். பத்தாவது பாட்டை ஆரம்பித்திருந்த ராஜபார்ட் பாடுவதை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றார்.

தலைகீழாகத் தெரிந்த உஸ்தாதைப் பார்த்தபடியே அந்தப் பாலம் எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. பிறகு அது இறங்கிற்று. யாரும் உடைக்கவில்லை; அவராகவே, விரல் விரலாக, அதை இறக்கினார். இடுப்பு தொட்டது. நடுமுதுகு தொட்டது. கடைசியாகத் தோள்கள் இரண்டும் பலகையில் படிந்தபோது எழுந்த சத்தம் மிகவும் சின்னது.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விம்மினாள். அப்புறம் கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். அசுரன் செத்ததற்கு ஜனங்கள் அழுதுகொண்டே கைதட்டியதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். உஸ்தாத் எழுந்தார், பதினெட்டுப் பேரும் எழுந்தார்கள், வெளியே நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரயிலடிக்குப் போகிற வழியில் மாசானம் தோப்புக்கு வந்தார். கோதாவின் விளிம்புக்கு நாலடி தள்ளியே செருப்போடு நின்றுகொண்டார். உஸ்தாத் ஓலைச் சாய்ப்பில் தொங்கிய மாசானத்தின் லங்கோட்டை எடுத்து, நறுவிசாக மடித்து, தாமே வெளியே வந்து கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. "முட்டிக்கு எண்ண போடுலே" என்றார். அவ்வளவுதான். மாசானம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். என்னால்தான் இவ்வளவும் என்று, தென்னைமரத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன்.

அப்புறம் நடந்தது தென்னாடு அறிந்தது. தூத்துக்குடியில் ஆரம்பித்துக் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று மாசானம் பயில்வான் சாகாத ஊர் இல்லை. நோட்டீசில் ராஜபார்ட்டின் பெயருக்கு மேலே இவர் பெயர் வந்தது. 'பாலம்' காட்சிக்காகவே முன்வரிசையை ஒரு வாரம் முந்திப் பிடித்துவைத்தார்கள். குஸ்தியில் ஜெயித்துப் பதினைந்து வருஷத்தில் கிடைக்காத பெயர், விழுந்து இரண்டே வருஷத்தில் கிடைத்தது. விமரிசகர்கள் அதை நடிப்பின் சிகரம் என்று எழுதினார்கள். நானும் கற்றறிந்தவன் என்ற தோரணையில் அதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதி, என் குற்ற உணர்ச்சியை உயர்ந்த நடையில் மறைத்திருக்கிறேன்.

இன்று அந்தத் தோப்பில் நெல் மில் ஓடுகிறது. கோதா இருந்த இடத்தில் உமி குவிந்து கிடக்கிறது. உஸ்தாதும் போய்விட்டார், பதினெட்டுப் பேரில் முக்கால்வாசிப் பேரும் போய்விட்டார்கள். நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் பேசும் படம் காட்டுகிறார்கள். அதில் வருகிறவர்கள் சுட்டவுடனே, ஒரு சிரமமும் இல்லாமல், மல்லாந்து செத்துப்போகிறார்கள்.

போன தைமாதம், வேஷத்தை விட்டு ஓய்ந்து தச்சநல்லூரில் சொந்த வீட்டில் இருக்கும் மாசானம் அண்ணாச்சியைத் தேடிப்போனேன். முப்பது வருஷ பாரத்தை இறக்கிவைத்துவிடுவது என்று தீர்மானம். வழுக்கைத் தலையோடு மன்னிப்புக் கேட்பது சுலபமல்ல; தொண்டையைச் செருமி, நான்தான் உஸ்தாதிடம் கோள் சொன்னவன், என்னால்தான் அவர்கள் அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள், என்னால்தான் உங்களுக்குக் கோதா இல்லாமல் போயிற்று என்று ஒப்பித்து முடித்தேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"நீரு சொல்லியா அவுக வந்தாக? ஒத்திக முடிஞ்ச அன்னைக்கு அந்தியிலயே மேலப்பாளையத்துக்குப் போயி, தறியடியில உக்காந்திருந்த உஸ்தாது கையில எல்லாருக்கும் டிக்கெட்டு குடுத்துட்டு வந்தவன் நாந்தாம் வே. விழுததுன்னு ஆயிப்போச்சு, அவுக முன்னால விழாம வேற எங்கன போய் விழ?"

அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும், நீரும் அன்னைக்கு அங்கன இருந்தீரா?"